மோன் பிளாங்க்: ‘சாதாரண வழி’ என்று சொல்லப்படும் வழி உண்மையில் எவ்வளவு சாதாரணமானது?

கேள்வி: வடதிசை வாசகன்

அனைவருக்கும் வணக்கம். சில மாதங்களாக ஆல்ப்ஸ் மலைத்தொடரைப் பற்றிப் படித்து வருகிறேன். அதில் பிரான்சுக்கும் இத்தாலிக்கும் இடையே நிற்கும் மோன் பிளாங்க் மலையைப் பற்றிப் படிக்கத் தொடங்கியதிலிருந்து மூன்று ஐயங்கள் தீராமல் இருக்கின்றன.

முதலாவது, அதன் உயரம். ஒரு நூலில் 4,807 மீட்டர் என்றும், இன்னொன்றில் 4,810 என்றும், அண்மைச் செய்தி ஒன்றில் 4,805 என்றும் இருக்கிறது. அச்சுப்பிழையாக இருக்கலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். ஆனால் மூன்றுமே பொறுப்பானவர்கள் எழுதியவை.

இரண்டாவது, வழி. ‘கூட்டே’ முகடு வழியாகச் செல்லும் பாதையைச் ‘சாதாரண வழி’ என்றே எல்லோரும் குறிப்பிடுகிறார்கள். செங்குத்துப் பாறையில் தொங்க வேண்டியதில்லை, உடல்வலுவும் பனியில் நடக்கும் பயிற்சியும் இருந்தால் போதும் என்கிறார்கள். அப்படியிருக்க, அந்த வழியின் ஒரு சிறு பகுதியில் மட்டும் 1990 முதல் 2017 வரை நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்திருக்கிறார்கள் என்றும் படிக்கிறேன். இரண்டும் எப்படி ஒருசேர உண்மையாக இருக்க முடியும்?

மூன்றாவது, வரலாறு. 1786 இல் கயிறுகூட இல்லாமல், கையில் நீண்ட கழிகளோடு இருவர் உச்சிக்குப் போய்த் திரும்பியிருக்கிறார்கள். அவர்களால் முடிந்தது, இத்தனை கருவிகளும் வானிலை முன்னறிவிப்பும் உள்ள இக்காலத்தில் ஏன் ஆபத்தாக இருக்கிறது?

நான் உடனே ஏறப் போகிறவன் அல்லன். புரிந்துகொள்ள வேண்டும் என்பதே நோக்கம். விரிவாக எழுதினாலும் பொறுமையாகப் படிப்பேன்.

---

மறுமொழி 1: உறைபனி

உயரத்திலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் படித்த மூன்று எண்களும் அந்தந்தக் காலத்துக்குச் சரியானவையே. நாம் உச்சி என்று சொல்வது பாறை அன்று; பாறையின் மேல் போர்த்தியிருக்கும் பனியும் பனிக்கட்டியும்தான். அதற்கு அடியில் உள்ள பாறையின் மிக உயர்ந்த புள்ளி சுமார் 4,792 மீட்டரில் இருக்கிறது. அதுவும் பனியுச்சிக்கு நேர் கீழே இல்லாமல், ஏறத்தாழ 40 மீட்டர் மேற்கே தள்ளி இருக்கிறது. ஆகவே பனியின் உச்சி ஓரிடம், பாறையின் உச்சி வேறோரிடம். மேலே உள்ள அந்தப் போர்வையைக் காற்று ஓயாமல் செதுக்கிக்கொண்டே இருப்பதால், அளக்கும் நாளைப் பொறுத்து எண் மாறுகிறது.

2001 முதல் பிரான்சின் ஓத் சவுவா மாவட்டத்து நில அளவையாளர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை செப்டம்பரில் மேலே சென்று உச்சியை அளக்கிறார்கள். 2007 இல் கிடைத்த அளவு 4,810.90 மீட்டர். 2021 இல் 4,807.81; 2023 இல் 4,805.59. இரண்டே ஆண்டுகளில் இரண்டு மீட்டருக்கு மேல் குறைந்துவிட்டது என்றதும் பல செய்தித்தாள்கள் ‘மலை உருகுகிறது’ என்று தலைப்பிட்டன. அளவையாளர்கள் அப்படிச் சொல்லவில்லை. குளிர்காலத்தில் அங்கே விழும் பனி வறண்ட மாவைப் போன்றது. உச்சியில் ஒட்டாமல் காற்றோடு பறந்துவிடும். கோடையிலும் இலையுதிர் காலத்திலும் விழும் ஈரப்பசையுள்ள பனிதான் ஒட்டிக்கொண்டு தொப்பியை உயர்த்துகிறது. எனவே உச்சியின் ஓர் ஆண்டு உயரத்தை வைத்துக்கொண்டு தட்பவெப்பத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது, மணல்மேட்டின் உயரத்தை வைத்துக் கடல்மட்டத்தைக் கணிப்பதற்கு ஒப்பாகும்.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு முரண் உண்டு. சுமார் 4,200 மீட்டருக்கு மேலே உள்ள பனிக்கட்டியின் தடிமன் 20 ஆம் நூற்றாண்டு முழுவதும் அதிகம் மாறவே இல்லை. அங்குள்ள பனிக்கட்டி உருகுநிலையில் இருப்பதில்லை. ‘தோம் து கூட்டே’ என்னும் குவிமுகட்டை ஒட்டிய கணவாயில் பனியின் உட்புற வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 11 பாகை. அத்தகைய பனி அடிப்பாறையோடு உறைந்து ஒட்டியிருக்கிறது. தடிமன் குறையாவிட்டாலும் அதன் உள்வெப்பநிலை மெல்ல உயர்ந்துவருகிறது என்பதைத் துளையிட்டு அளந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். செங்குத்தான சரிவில் உறைந்து ஒட்டியிருக்கும் பனி என்றாவது ஒருநாள் உருகுநிலையை எட்டினால் பிடிமானம் தளரும். உச்சியின் உயரத்தைவிட எனக்கு இதுதான் கவலை தரும் செய்தி.

கீழே இறங்க இறங்கக் கதை வேறு. வடக்குச் சரிவில் உச்சிக்கு அருகிலிருந்து ஷாமொனி பள்ளத்தாக்கை நோக்கி இறங்கும் போசோன் பனியாறு மிகவும் செங்குத்தானது, அதனால் விரைவானது. அது எவ்வளவு விரைவானது என்பதை ஒரு சோகம்தான் முதலில் அளந்து காட்டியது. 1820 ஆகஸ்டில், ஹாமெல் என்ற ருசிய அறிஞருடன் சென்ற குழுவில் மூன்று வழிகாட்டிகளைப் பனிச்சரிவு அடித்துச் சென்று, ‘பெரிய பீடபூமி’ எனப்படும் பனிவெளியின் ஒரு பிளவுக்குள் தள்ளியது. பனியாறுகள் நகர்வதை ஆராய்ந்த ஜேம்ஸ் ஃபோர்ப்ஸ், சுமார் நாற்பது ஆண்டுகளில் அவர்களின் எச்சங்கள் கீழே வெளிப்படும் என்று கணித்தார். 1861 இல் போசோன் பனியாற்றின் கீழ்ப்பகுதியில் அவை வெளிப்பட்டன. அந்த விபத்துக்கு அடுத்த ஆண்டே, 1821 இல், ஷாமொனி வழிகாட்டிகள் சங்கம் அமைக்கப்பட்டது.

இதே பனியாறு நம் நாட்டின் துயரத்தையும் சுமந்துகொண்டிருக்கிறது. 1950 நவம்பர் 3 அன்று ‘மலபார் பிரின்சஸ்’ என்ற ஏர் இந்தியா விமானம் 48 பேருடன் உச்சிக்குச் சற்றுக் கீழே மோதி அழிந்தது. 1966 ஜனவரி 24 அன்று அதே நிறுவனத்தின் ‘கஞ்சன்ஜங்கா’ ஏறக்குறைய அதே இடத்தில் மோதியது; 117 பேர் இறந்தனர், அணு அறிவியலாளர் ஹோமி பாபா அவர்களில் ஒருவர். அந்த இரு விமானங்களின் உலோகத் துண்டுகளும் பயணிகளின் பொருள்களும் பல ஆண்டுகளாகப் பனியாற்றின் கீழ்ப்பகுதியில் வெளிவந்தபடி இருக்கின்றன. 2012 இல் இந்திய அரசின் தூதரக அஞ்சற்பை ஒன்று கிடைத்தது. 2020 இல் கிடைத்த 1966 ஜனவரி மாதத்து இந்திய நாளிதழ்களில், இந்திரா காந்தி பிரதமராகும் செய்தியைப் படிக்க முடிந்ததாம். ஐம்பத்து நான்கு ஆண்டுகள் பனிக்குள் கிடந்த காகிதம் அது.

பக்கத்திலுள்ள ‘மேர் த கிளாஸ்’, அதாவது ‘பனிக்கடல்’, சுமார் 12 கிலோமீட்டர் நீளமுடையது. அதன் கீழ்ப்பகுதி சாய்வு குறைந்து மெதுவாக நகர்கிறது. 1850 ஆம் ஆண்டு வாக்கில் தொடங்கிய பின்வாங்கலில் அது இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் சுருங்கிவிட்டது. மோந்தான்வேர் என்ற இடத்திலிருந்து பனிக்குகைக்கு இறங்கும் பாதையில் 1988 இல் மூன்றே படிகள் தேவைப்பட்டன. பின்னர் அவை ஐந்நூறையும் தாண்டின. உச்சியைப் பார்த்து ‘உருகுகிறதா’ என்று கேட்பவர்கள் அந்தப் படிகளை எண்ணினால் போதும்.

இத்தாலியப் பக்கம் இன்னும் செங்குத்து. அங்குள்ள மியாஜ் பனியாற்றின் கீழ்ப்பகுதியைப் பார்த்தால் பனியே தெரியாது; மேலிருந்து சரிந்த கற்கள் அதை முழுவதும் மூடியிருக்கின்றன. பிரென்வா பனியாற்றின் மீது 1920 நவம்பரில் மாபெரும் பாறைச்சரிவு விழுந்தது. 1997 ஜனவரியில் மீண்டும் விழுந்தது.

வழிகளைப் பற்றி ஏறிப் பழகியவர்கள் சொல்வதே பொருத்தம்.

---

மறுமொழி 2: கயிற்றின் இரண்டாம் முனை

உறைபனி அவர்கள் நிறுத்திய இடத்திலிருந்து தொடர்கிறேன். முதலில் உங்கள் மூன்றாவது கேள்வியில் உள்ள ஓர் எடுகோளைத் திருத்த வேண்டும். 1786 இல் ஏறியவர்கள் இன்றைய சாதாரண வழியில் ஏறவே இல்லை.

மருத்துவர் மிஷேல் பக்காரும், படிகக்கல் தேடி மலையில் அலைந்த ழாக் பால்மாவும், போசோன், தகோனா என்னும் இரு பனியாறுகளுக்கு நடுவே உயரும் ‘லா கோத்’ என்ற முதுகுமேட்டில் ஏறி, அதன் தலைப்பில் இரவு தங்கினார்கள். அடுத்த நாள் பனிப்பிளவுகள் நிறைந்த பரப்பைக் கடந்து, பெரிய பீடபூமி வழியாக, செம்பாறைகளை ஒட்டி மேலேறி, ஆகஸ்ட் 8 மாலை ஆறரை மணிக்குச் சற்று முன்னதாக உச்சியை அடைந்தார்கள். பள்ளத்தாக்கிலிருந்து தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் நேரத்தைக் குறித்து வைத்திருக்கிறார். பனிப்பிளவுகளின் மேல் கழியைக் குறுக்காகப் போட்டுத் தவழ்ந்தவர்கள் பிழைத்தது திறமையால் என்பது போலவே நற்பேற்றாலும்தான். அதே பாதையில்தான் 1820 இல் அந்த மூவரும் இறந்தார்கள். இன்றைய கூட்டே வழி முழுமையாக ஏறப்பட்டது 1861 இல். ஆகவே ‘அவர்களால் முடிந்தது’ என்னும் ஒப்பீடு இரண்டு வெவ்வேறு வழிகளை, இரண்டு வெவ்வேறு தட்பவெப்பங்களை ஒப்பிடுகிறது.

இனி கூட்டே வழி. பல்சக்கர இரயில் ‘நீ தேகிள்’ என்னும் 2,372 மீட்டர் உயரத்து நிறுத்தத்தில் கொண்டுவிடும். (உச்சி வரை இரயில் விட வேண்டும் என்ற கனவில் தொடங்கிய வேலை, முதல் உலகப்போரின் காலத்தில் அங்கேயே நின்றுபோனது. நின்றது நல்லதுதான் என்பது என் எண்ணம்.) அங்கிருந்து நடந்து 3,167 மீட்டரில் உள்ள தெத் ரூஸ் குடிலை அடையலாம். அதற்குமேல் பெரிய கூலுவார் எனப்படும் செங்குத்தான பாறை ஓடையைக் குறுக்காகக் கடந்து, உடைந்த பாறைகளாலான முகட்டில் கையும் காலுமாக ஏறினால் 3,835 மீட்டரில் கூட்டே குடில் வரும். அடுத்த நாள் அதிகாலை இருட்டில் புறப்பட்டு, 4,304 மீட்டர் உயரத் தோம் து கூட்டேயின் தோளைக் கடந்து, 4,362 மீட்டரில் உள்ள வல்லோ அவசரக் குடிலைத் தொட்டு, கத்தி போன்ற போஸ் பனிமுகட்டின் மீது நடந்து உச்சி. பிரெஞ்சுக்காரர்களின் தரவரிசையில் இதற்குச் ‘சற்றே கடினம்’ என்று பெயர். அந்த வரிசையில் கீழிருந்து இரண்டாவது படி.

அந்தத் தரம் பொய் சொல்லவில்லை. ஆனால் அது சொல்வது அசைவுகள் எவ்வளவு கடினம் என்பதை மட்டுமே. மேலிருந்து என்ன விழும் என்பதை அது சொல்வதில்லை. இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணுவதால்தான் ‘எளிய வழி’ என்ற சொல் ஆளை ஏமாற்றுகிறது.

பெரிய கூலுவாரின் கடவு அகலம் நூறு மீட்டருக்கும் குறைவு. கடப்பதற்கு ஒன்றிரண்டு நிமிடம். ஆனால் மேலே பல நூறு மீட்டருக்குப் பாறைச்சுவர் எழுகிறது. அதன் விரிசல்களில் உள்ள பனி பாறைகளைப் பசைபோல் இறுக்கி வைத்திருக்கிறது. பகலில் பனி உருகி நீர் வழியத் தொடங்கியதும் கற்கள் கழன்று அந்த ஓடை வழியாகத்தான் இறங்கும். பிற்பகலிலும் மாலையிலும் கல்வீழ்ச்சி கூடுகிறது. அதிகாலையில் மிகவும் கவனமாகக் கடந்து மேலே சென்றவர்கள், உச்சியைத் தொட்ட மகிழ்ச்சியில், களைத்துப்போய்த் திரும்பி வரும் நேரமும் பெரும்பாலும் அதுவே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அங்கு நடந்த விபத்துகளை ஆராய்ந்தவர்களின் கணக்குப்படி, கல் பட்டதால் நேர்ந்தவற்றைவிட ஏறுபவர்களே தடுக்கியோ வழுக்கியோ விழுந்ததால் நேர்ந்தவை அதிகம். அதாவது கூலுவாருக்கு மேலே உள்ள முகட்டில் ‘இங்கே அபாயம் இல்லை’ என்று கயிற்றைச் சரிவரப் பயன்படுத்தாமல் இறங்குகிறவர்கள். கல்லுக்கு அஞ்சியவர்கள் தம் கால்களுக்கு அஞ்சவில்லை.

என் சொந்த அனுபவம் சிறியது, உச்சியில் முடியாதது. சில ஆண்டுகளுக்கு முன் ஜூலை இறுதியில் தெத் ரூஸில் தங்கியிருந்தேன். இரவு வானம் மேகமூட்டமாக இருந்ததால் தரை வெப்பம் வெளியேறவில்லை. விடியற்காலை நான்கு மணிக்கு வாசலில் கால் வைத்தபோது பனி இறுகியிருக்கவில்லை, கணுக்கால் வரை புதைந்தது. கூலுவாரின் பக்கமிருந்து இருட்டிலேயே கற்கள் உருளும் ஓசை கேட்டது. பார்க்க முடியாத கல்லின் ஓசை பார்க்கக்கூடிய கல்லைவிடக் கொடியது. எங்கள் வழிகாட்டி கால் மணி நேரம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, ‘இன்று இல்லை’ என்றார். நான் ஏமாற்றத்தில் சற்று வாதாடினேன் என்பதை இப்போது வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். அவர் பதில் சொல்லாமல் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அன்று எங்களுக்கு முன்னே கடந்து சென்ற குழுவினருக்கு எதுவும் ஆகவில்லை. ஆகவில்லை என்பதால் அவர்கள் முடிவு சரியாகிவிடாது என்று எனக்குப் புரிய நீண்ட நாள் ஆயிற்று.

மற்ற வழிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ‘மூன்று மலை வழி’யில், எகுய் து மிடி என்ற சிகரத்துக்குக் கம்பிவட ஊர்தியில் சென்று, 3,613 மீட்டரில் உள்ள கோஸ்மிக் குடிலில் தங்கி, தாக்குல், மோடி ஆகிய இரு மலைகளின் தோள்களைக் கடந்து மோன் பிளாங்கை அடைய வேண்டும். கல்வீழ்ச்சி குறைவு, அதற்குப் பதிலாகச் சரிவுகளின் மேல் வீடு போன்ற பனிக்கட்டித் தூண்கள் தொங்குகின்றன. செராக் என்பது அவற்றின் பெயர். அவை உடைவதற்கு வெயில் தேவையில்லை, பனியாற்றின் நகர்வே போதும். ஆகவே ‘அதிகாலையில் போனால் பாதுகாப்பு’ என்ற விதி இங்கே பாதிதான் செல்லும். 2008 ஆகஸ்டில் தாக்குல் சரிவில் செராக் உடைந்து எழுந்த பனிச்சரிவில் எட்டுப் பேரும், 2012 ஜூலையில் மோடியில் நேர்ந்த பனிச்சரிவில் ஒன்பது பேரும் இறந்தார்கள். இரண்டும் அதிகாலை விபத்துகளே.

இத்தாலியப் பக்கத்தில் கோனெல்லா குடில் வழியை ‘பாப்பரசர் வழி’ என்பார்கள். 1890 இல் அதன் வழியாக முதலில் இறங்கியவர்களில் ஒருவரான அக்கீல்லே ராத்தி என்ற இளம் பாதிரியார் பின்னாளில் பதினோராம் பத்திநாதராகத் திருப்பீடம் ஏறினார். நீளமான, தனிமையான, அழகான வழி. பனி குறைந்த கோடைகளில் பிளவுகள் அகலத் திறந்துகொள்வதால் பருவத்தின் நடுவிலேயே அதைக் கைவிட வேண்டியிருக்கிறது.

---

மறுமொழி 3: எல்லைக்கல்

மேலே எழுதிய இருவருக்கும் நன்றி. இரண்டு சிறு குறிப்புகள் மட்டும்.

மோன் பிளாங்கை ‘ஐரோப்பாவின் மிக உயர்ந்த சிகரம்’ என்று எழுதுவதைப் பல இடங்களில் பார்க்கிறோம். ஆல்ப்ஸின் மிக உயர்ந்த சிகரம் என்பதில் ஐயமில்லை. காக்கசஸ் மலைகளை ஐரோப்பாவுக்குள் சேர்த்தால் 5,642 மீட்டர் எல்பிரஸ் முந்திவிடும்.

உச்சி யாருக்குச் சொந்தம் என்பதில் பிரான்சின் வரைபடமும் இத்தாலியின் வரைபடமும் இன்றும் ஒத்துப்போவதில்லை. இத்தாலி எல்லைக்கோட்டை உச்சியின் மீதே வரைகிறது. பிரான்சு அதைச் சற்றுத் தெற்கே வளைத்து, உச்சி முழுவதையும் தன் பக்கம் வைத்துக்கொள்கிறது. ஏறுபவர்களுக்கு இதனால் எந்த வேறுபாடும் இல்லை என்றாலும், வடக்குச் சரிவில் யார் விதி செல்லும் என்பதில் குழப்பம் இல்லை: கூட்டே வழி முழுவதும் பிரெஞ்சு நிர்வாகத்தின் கீழ் இருக்கிறது.

---

கேட்டவர்: வடதிசை வாசகன்

மிக்க நன்றி. மூன்று கேள்விகளும் ஒரே கேள்வி என்பது இப்போதுதான் புரிகிறது; மலையை அசையாத பொருளாக எண்ணிக்கொண்டு கேட்டிருக்கிறேன்.

இன்னும் இரண்டு ஐயங்கள். பாறைகளைப் பனி பசைபோல் இறுக்கி வைத்திருக்கிறது என்று கயிற்றின் இரண்டாம் முனை அவர்கள் எழுதினார். அப்படியானால் கல்வீழ்ச்சி நாளின் நேரத்தை மட்டும் பொறுத்ததா, ஆண்டுகளையும் பொறுத்ததா? இரண்டாவது, தெத் ரூஸ் என்ற பெயரை வேறொரு பழைய பேரழிவு தொடர்பாகவும் படித்த நினைவு இருக்கிறது. அது இதே இடம்தானா?

---

மறுமொழி 4: உறைபனி

இரண்டாவதற்கு முதலில் விடை: ஆம், இதே இடம்தான். ஏறுபவர்கள் குடிலுக்குப் போகும்போது பக்கத்தில் ஒரு சிறிய, சாதுவான பனியாற்றைப் பார்ப்பார்கள். போசோனைப் பார்த்த கண்ணுக்கு அது ஒரு பொருட்டாகவே தோன்றாது. 1892 ஜூலை 11 இரவு கடந்து 12 ஆம் நாள் பிறக்கும் வேளையில், அதன் வயிற்றுக்குள் தேங்கியிருந்த நீர் பனிச்சுவரை உடைத்துக்கொண்டு வெளியேறி, வழியில் மண்ணையும் பாறையையும் மரங்களையும் அள்ளிக்கொண்டு, உறங்கிக்கொண்டிருந்த சான் ஜெர்வே பள்ளத்தாக்கின் மீது பாய்ந்தது. வெந்நீர் ஊற்றுக் குளியல் விடுதி அழிந்தது. இறந்தோர் தொகை சுமார் 175.

நீர் ஏன் உள்ளே தேங்கியது என்பது நம் பேச்சோடு நேராகத் தொடர்புடையது. அந்தப் பனியாற்றின் மேற்பகுதி ஓரளவு வெதுவெதுப்பானது, அதாவது உருகுநிலையில் இருக்கிறது. கீழ்ப்பகுதியோ குளிர்ந்து அடிப்பாறையோடு உறைந்திருக்கிறது. மேலே உருகும் நீர் கீழே இறங்க வழியில்லாமல், உறைந்த அணையின் பின்னே தேங்குகிறது. 2010 இல் ஆய்வாளர்கள் மீண்டும் உள்ளே சுமார் 55,000 கன மீட்டர் நீர் இருப்பதைக் கண்டார்கள்; கீழே மக்கள் வாழும் ஊர் இருப்பதால் அந்த ஆண்டே பனியில் துளையிட்டு நீரை இறைத்து வெளியேற்றினார்கள். பனியாற்றின் அளவுக்கும் அதன் ஆபத்துக்கும் தொடர்பில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

முதல் கேள்விக்கு வருகிறேன். கல்வீழ்ச்சியில் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. ஒன்று நாளின் கடிகாரம்: இரவில் உறைந்து பகலில் இளகும் மேற்பரப்புப் பனி. மற்றொன்று ஆண்டுகளின் கடிகாரம்: பாறைக்குள்ளே பல மீட்டர் ஆழத்தில் ஆண்டு முழுவதும் உறைந்தே இருக்க வேண்டிய பனி. கோடை தோறும் பாறையின் வெளிப்புற அடுக்கு சில மீட்டர் ஆழத்துக்கு இளகிப் பின் உறையும். வெப்பமான கோடைகளில் அந்த இளகும் அடுக்கு முன்பு எட்டாத ஆழத்தை எட்டுகிறது. அதுவரை இளகியே இராத விரிசல்களின் பனி அப்போது விட்டுக்கொடுக்கிறது. 2003, 2015, 2022 ஆகிய கோடைகளில் இம்மலைத்தொகுதி முழுவதும் பாறைச்சரிவுகள் மிகுந்ததற்குக் காரணம் அதுவே.

காற்றில் வெப்பநிலை பூஜ்யம் பாகையாகும் உயரம் என்று ஒன்றை வானிலையாளர்கள் அளக்கிறார்கள். 2022 ஜூலை 25 அன்று சுவிட்சர்லாந்தின் பயேர்ன் நிலையத்தில் விட்ட பலூன் அந்த உயரத்தை 5,184 மீட்டரில் கண்டது; 2023 ஆகஸ்டில் 5,298 மீட்டர். மோன் பிளாங்கின் உச்சி 4,800 சொச்சம். அதாவது அந்த நாள்களில் ஆல்ப்ஸில் எந்த உச்சியைச் சுற்றியும் உறைநிலைக் காற்றே இல்லை.

2022 ஆகஸ்டில் சான் ஜெர்வே நகராட்சி தெத் ரூஸ், கூட்டே குடில்கள் இரண்டையும் சில காலம் மூடியது அந்தச் சூழலில்தான். அதற்குச் சில நாள் முன்பு, ஏறுபவர் ஒவ்வொருவரும் மீட்புச் செலவுக்கும் ஈமச்செலவுக்குமாக 15,000 யூரோ முன்பணம் கட்ட வேண்டும் என்று அந்நகர மேயர் முன்வைத்த யோசனை பெரிய வாக்குவாதத்தைக் கிளப்பியது. அது சட்டத்தைவிட ஒரு கோபக்குரல் என்றே நான் படித்தேன். ஆனால் கோபத்துக்குக் காரணம் இருந்தது.

---

மறுமொழி 5: கயிற்றின் இரண்டாம் முனை

உறைபனி எழுதியதற்கு ஏறுபவரின் பக்கத்திலிருந்து ஒரு சேர்க்கை. இந்த இரண்டாவது கடிகாரத்தால் பருவமே இடம்பெயர்ந்துகொண்டிருக்கிறது. முன்பு ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் இறுதி வரை சிறந்த காலம் என்பார்கள். இப்போது ஜூனிலேயே புறப்படுகிறவர்கள் கூடிவருகிறார்கள். அப்போது கூலுவாரில் குளிர்காலப் பனி இன்னும் படிந்திருக்கும், தளர்ந்த கற்கள் அதில் புதைந்து நிற்கும், பிளவுகளின் மேல் படிந்த பனிப்பாலங்கள் தடித்திருக்கும். ஆனால் புதுப்பனி இறுகாமல் இருந்தால் பனிச்சரிவு அபாயம் உண்டு, முகட்டுப் பாறைகளிலும் பனி ஒட்டியிருப்பதால் கிராம்பானோடு, அதாவது காலணியில் பூட்டும் இரும்பு முட்களோடு, ஏற வேண்டியிருக்கும். ஓர் ஆபத்தைக் கொடுத்து வேறோர் ஆபத்தை வாங்கும் பேரம் அது.

உயரம் உடலை என்ன செய்யும் என்பதைப் பற்றி இதுவரை யாரும் பேசவில்லை. உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் பாதிக்குச் சற்றே அதிகம். இரயிலிலும் கம்பிவட ஊர்தியிலும் விரைவாக மேலே போய்விட முடிவதால், உடல் பழகும் முன்பே நாலாயிரம் மீட்டரில் நிற்பவர்கள் பலர். தலைவலியும் குமட்டலுமாக வல்லோ குடிலில் சுருண்டு கிடப்பவர்களைப் பார்த்தவர்கள் நிறையச் சொல்வார்கள். அந்தத் தடுமாற்றத்தோடு மீண்டும் முகட்டிலும் கூலுவாரிலும் இறங்க வேண்டும் என்பதுதான் சிக்கல். முன்பு சொன்ன வழுக்கி விழுதல்களில் இதற்கும் பங்கு இருக்கும் என்பது என் ஊகம். முதலில் மூவாயிரத்தைந்நூறு மீட்டர் அளவிலான வேறு சிகரம் ஒன்றில் ஏறி, அங்கே இரண்டொரு இரவு தங்கிவிட்டு வருவதே முறை.

விதிகளைப் பற்றியும் ஒரு வரி. 2019 முதல் கூட்டே வழியில் செல்வோர் குடிலில் இடம் பதிவு செய்திருக்க வேண்டும். வழியில் கூடாரம் போடக் கூடாது. கூட்டே குடிலில் 120 படுக்கைகளே உள்ளன. பலரும் குறை சொல்லும் இந்தக் கட்டுப்பாட்டில் ஒரு கெடுதல் உண்மையிலேயே இருக்கிறது: மாதங்களுக்கு முன்பே பதிவு செய்த தேதிக்கு வானிலை கட்டுப்படாது. பணமும் விடுப்பும் செலவழித்து வந்தவர், அந்த ஒரே தேதியில் எப்படியாவது ஏறிவிட வேண்டும் என்று நினைப்பார். தெத் ரூஸ் வாசலில் நான் வாதாடியதும் அதனால்தான். இயன்றவர்கள் ஒரு வாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாருங்கள். அதே வாரத்தில் ஏறுவதற்கு வேறு இரண்டு சிகரங்களையும் மனத்தில் வைத்திருங்கள்.

---

கேட்டவர்: வடதிசை வாசகன்

இரண்டு கடிகாரங்கள் என்ற விளக்கத்தைக் குறித்து வைத்துக்கொண்டேன். 1892 வெள்ளத்தைப் பற்றித் தனியாகப் படிக்கத் தொடங்கியிருக்கிறேன். உறைந்த கீழ்ப்பகுதி அணையாக நிற்பது பற்றி ஐயம் எழுந்தால் இதே இழையில் கேட்கிறேன்.